கவிஞர்களின் கோடையும் குக்கின் பயணச்சீட்டும்

சுவிட்சர்லாந்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் பழைய கடற்கரை ஊர் ஒன்றில் நாம் எதிர்பார்ப்பதெல்லாம் லெமான் ஏரியின் கரையில் இருக்கிறது: 73 கிலோமீட்டர் நீளத் தண்ணீர், காற்று திரும்பினால் படகைக் கவிழ்க்கும் அலை, தண்ணீருக்குள்ளேயே கால் நீட்டி நிற்கும் ஷியோன் கோட்டை, வெவேயிலிருந்து மொந்த்ரோ வரை கரையோரம் நடக்கப் பாதை, அந்தப் பாதை நெடுக ஹோட்டல்கள். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இப்படியொரு ஊருக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவது, புதுச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் போய்ப் பழகிய நமக்கு ஆராயவேண்டிய விஷயமாகவே தோன்றாது. ஆனால் எல்லா வழக்கத்துக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. சுவிஸ் ஏரிக்கரையில் இதன் பிறந்த தேதியைக் கேட்டால் உடனே வரும் பதில் 1816. பைரனும் ஷெல்லியும் வந்த கோடை. கோட்டையின் நிலவறையில் பைரனின் பெயர் செதுக்கிய தூணைக் காட்டியும் இந்தக் கதையைச் சொல்வார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. 1816 அந்தக் கரைக்குப் புகழ் சேர்த்தது. நண்பர் கூட்டமாக விடுமுறைக்குப் போவது என்ற வழக்கம் அதற்கு 47 ஆண்டு கழித்து, 1863-இல், ஒரு பயணச்சீட்டோடு வந்தது.

முதலில் அந்தக் கோடையைப் பார்ப்போம். மே மாதம் ஜெனீவாவுக்கு வெளியே செஷரோன் என்ற இடத்து ஹோட்டலில் இரண்டு ஆங்கிலக் கூட்டங்கள் சந்தித்தன. ஒன்றில் 23 வயது பெர்சி ஷெல்லி, 18 வயது மேரி காட்வின், அதே வயதுடைய அவருடைய மாற்றாந்தாயின் மகள் கிளேர். மற்றொன்றில் 28 வயது பைரன், அவருடைய மருத்துவராக வந்த 20 வயது ஜான் பொலிடோரி. ஜூன் மாதம் பைரன் கொலொனியில் வில்லா தியோதாத்தியை வாடகைக்கு எடுத்தார். ஷெல்லியின் குடும்பம் சற்றுக் கீழே ஏரியை ஒட்டிய ஒரு வீட்டில் இருந்தது. மழை விடவில்லை. பேய்க்கதை எழுதுவதென்று பந்தயம் கட்டினார்கள். அதிலிருந்துதான் 1818-இல் வெளியான மேரியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிறந்தது. 1819-இல் பொலிடோரியின் ரத்தக்காட்டேரிக் கதையும் வந்தது. உலக இலக்கியத்தில் இவ்வளவு விளைச்சல் தந்த விடுமுறை வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் அதை நண்பர்களின் விடுமுறைக்கு முன்மாதிரி என்று சொல்லுமுன் சில கணக்குகளைப் பார்க்கவேண்டும். பைரன் வந்திறங்கிய வண்டி நெப்போலியனின் வண்டியைப் பார்த்துச் செய்யப்பட்டது. விலை 500 பவுண்டு. பொலிடோரி எழுதப்போகும் பயணக் குறிப்புக்கு ஒரு பதிப்பாளர் இன்னொரு 500 பவுண்டு பேசியிருந்தார் என்பார்கள். கடனும் அவதூறும் துரத்த ஊரைவிட்டு வந்தவர் பைரன். திரும்பும் உத்தேசமே அவருக்கு இல்லை, திரும்பவுமில்லை. இதை நாடுகடந்த வாழ்வு என்று சொல்லலாம். விடுமுறைக்கு ஒரு வேலையும் ஒரு வீடும் பின்னால் காத்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோடையில் விடுமுறைப் பயணம் என்று சொல்லத்தக்கது ஜூன் கடைசி வாரத்தில் நடந்த ஏரிச் சுற்றுப்பயணம்தான். ரூசோவின் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வரும் இடங்களைத் தேடிப் படகில் போனார்கள். மெய்யெரிக்கு அருகே புயலில் சிக்கினார்கள். ஷெல்லிக்கு நீச்சல் தெரியாது. பிறகு ஷியோன், கிளாரான், வெவே. ஊஷியில் மழை மறித்தபோது விடுதியில் உட்கார்ந்து பைரன் ஷியோன் கைதியைப் பற்றிய கவிதையை எழுதினார். போனவர்கள் யார்? பைரனும் ஷெல்லியும், கூடப் படகோட்டிகள். பொலிடோரிக்குக் கால் சுளுக்கு. மேரியும் கிளேரும் வீட்டில். நண்பர்கள் ஐவர் என்று புகழ்பெற்ற கூட்டத்தில் ஊர் பார்க்கப் போனது இருவர் மட்டும். கூட்டத்தின் மிகச் சிறந்த புத்தகத்தை எழுதப்போகிறவர், கைக்குழந்தையோடு, மற்றவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைக்காகக் காத்திருந்தார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய நிகழ்ச்சி. இலக்கிய வரலாறு அதைச் சிரித்தபடி தாண்டிப் போய்விடுகிறது. 1814 ஆகஸ்டில் ஷெல்லி, மேரி, கிளேர் மூவரும் வீட்டைவிட்டு ஓடி, பிரான்சைக் கடந்து, லூசெர்ன் ஏரிக்கரையில் புருன்னென் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டொரு நாளில் காலி செய்துவிட்டுக் கிளம்பினார்கள். காரணத்தை அவர்களே பின்னர் அச்சிட்ட பயணநூலில் எழுதியிருக்கிறார்கள்: கையில் இருந்தது 28 பவுண்டு, டிசம்பர் வரை வேறு பணம் வரும் என்ற நிச்சயமில்லை. தரைவழியைவிட நீர்வழி மலிவு என்பதால் ரைன் ஆற்றில் படகேறி ஊர் திரும்பினார்கள். 28 பவுண்டு அந்நாளில் அற்பத்தொகை ஆகாது. தங்கினால் எவ்வளவு ஆகும், திரும்ப எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அறிவு, ஆசை, அழகுணர்ச்சி மூன்றும் நிறைந்திருந்த மூன்று இளைஞர்களை, விலை தெரியாத பயணம் இரண்டே நாளில் தோற்கடித்தது. ஏரிக்கரை விடுமுறையின் வரலாற்றை எழுதுவதானால் வில்லா தியோதாத்தியைவிட இந்த இரண்டு அறைகளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

1816-இன் மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய தூசுதான் மறு ஆண்டு ஐரோப்பாவின் கோடையை அழித்தது. மாளிகைக்குள் இருந்தவர்களுக்கு அது பேய்க்கதைப் பருவநிலை. வெளியே சுவிஸ் உழவர்களுக்குக் கதிர் முற்றவில்லை, கிழங்கு அழுகியது, தானிய விலை ஏறியது, 1817-இல் கிழக்கு சுவிட்சர்லாந்தில் பஞ்சம் கொன்றது. பின்வந்த வறுமையில், 1819-இல், ஃபிரிபூர்க் மாநிலத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 2000 பேர் பிரேசிலுக்குக் கப்பலேறி நோவா ஃபிரிபர்கோ என்ற ஊரை உண்டாக்கினார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். விருந்தாளிகள் தேடிவந்த நாடு அன்று தன் மக்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஏழை நாடு. பின்னாளில் சுற்றுலா ஏன் அங்கே அவ்வளவு ஆவலோடு வரவேற்கப்பட்டது என்பதற்கு இது பாதி விடை.

இனி 1863. தாமஸ் குக் லெஸ்டர் நகரத்து மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5-ஆம் தேதி ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குத் தனி ரயில் பிடித்து, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி ஆட்களை ஏற்றிப்போனதிலிருந்து அவர் தொழில் ஆரம்பம். பிறகு பல ஆண்டுகள் ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா நடத்தினார். 1862-இல் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகள் அவருக்குச் சலுகைச் சீட்டுத் தர மறுத்துவிட்டன. பிழைப்புக்கு வேறு வழி தேடியவரின் கண்ணில் பட்டது ஐரோப்பா. லியோனிலிருந்து ஜெனீவாவுக்கு 1858-இலேயே ரயில் வந்துவிட்டது. 1863 ஜூன் 26 காலையில் லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து அவருடைய முதல் சுவிஸ் கூட்டம் புறப்பட்டது. பாரிசோடு நின்றவர்கள் போக மற்றவர்கள் ஜெனீவாவுக்கும் ஷமோனிக்கும் போனார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கூட்டம் இருந்தது. வடக்கு இங்கிலாந்திலிருந்து வந்த சில உறவினர்களும் நண்பர்களும், 'ஜூனியர் யுனைடெட் ஆல்பைன் கிளப்' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். மலையேறும் கனவான்களுக்கென்று 1857-இல் லண்டனில் ஏற்பட்ட ஆல்பைன் கிளப்பைக் கேலி செய்யும் பெயர் அது. அவர்களில் ஜெமைமா மொரெல் என்ற, செல்பி ஊரைச் சேர்ந்த வங்கியாளர் ஒருவரின் மகள், கிளப்பின் நடவடிக்கைக் குறிப்பு என்ற சாக்கில் முழுப் பயணத்தையும் எழுதிவைத்தார்.

அந்தக் குறிப்பேடுதான் என் வாதத்துக்கு முதல் சான்று. சுமார் மூன்று வாரப் பயணம். ஆளுக்கு ஏறத்தாழ 20 பவுண்டு. நாள், இடம், வண்டி, திரும்பும் ரயில் எல்லாம் முன்கூட்டியே தெரியும். பெண்கள் யாரும் வீட்டில் உட்கார்ந்து கதை கேட்கவில்லை. தரை கூட்டும் பாவாடைகளோடு ஷமோனியின் பனியாற்றைக் கடந்தார்கள், லியூக்கர்பாடின் வெந்நீர்க் குளங்களைத் தாண்டிக் கெம்மி கணவாயின் செங்குத்துப் பாறையில் ஏறினார்கள், இன்டர்லாக்கனையும் லூசெர்னையும் பார்த்து, ரிகி மலையில் சூரியோதயத்துக்காக விடியுமுன் எழுந்தார்கள். அலுப்பையும் அவசரத்தையும் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதையும் ஜெமைமா ஒளிக்கவில்லை. தத்துவமோ காவியமோ அதில் இல்லை. யாருடைய புகழுக்காகவும் எழுதப்படாததாலேயே, சேர்ந்து போனவர்கள் பிறகு சேர்ந்து படித்துச் சிரிப்பதற்கென்றே எழுதப்பட்டதாலேயே, நண்பர்களின் விடுமுறை என்பது என்ன என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடிகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குள்ளான லண்டன் கிடங்கு ஒன்றின் இடிபாட்டில் தகரப் பெட்டியில் கிடைத்து, பயணத்தின் நூற்றாண்டான 1963-இல்தான் அது அச்சேறியது. எழுதுமுன்பே 500 பவுண்டு விலை பேசப்பட்ட குறிப்பும் உண்டு, நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்த குறிப்பும் உண்டு. வரலாறு முதலாவதைக் கேட்டுப் பழகிவிட்டதுதான் 1816 என்ற பதில் நிலைத்ததற்குக் காரணம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு: கவிதை இல்லாமல் பயணச்சீட்டை யார் வாங்கியிருப்பார்கள்? போகவேண்டும் என்ற ஆசையை விதைத்தவர்கள் எழுத்தாளர்கள்தானே? உண்மை. ரூசோவின் நாவல் 1761-இல் வெளியாகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எழுபது பதிப்புக்குக் குறையாமல் கண்டது; கிளாரானுக்கு ஆட்கள் கண்ணீரோடு வந்தார்கள். பைரனின் கவிதை ஷியோனைச் சாவோயின் பழைய சுங்கக் கோட்டை என்ற நிலையிலிருந்து சுதந்திரத்தின் கோயிலாக்கியது. 1530 முதல் 1536 வரை சிறையிலிருந்த ஃபிரான்சுவா பொனிவாரின் உண்மைக் கதை எழுதும்போது தனக்குச் சரியாகத் தெரியாது என்று பைரனே ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஆசைதான் வழக்கத்தை உண்டாக்கும் என்றால் 1761-க்குப் பிறகு நூறு ஆண்டு ஏன் காத்திருக்கவேண்டும்? அந்த நூறு ஆண்டும் ஏரிக்கரைப் பயணம் படிப்பும் சொத்தும் நீண்ட அவகாசமும் உடையவர்களுடையதாகவே இருந்தது. புத்தகம் ஆசையைப் பரப்பியது; லீவு எடுத்து, திட்டமிட்ட பணத்துக்குள் போய், சொன்ன நாளில் திரும்பிவிடலாம் என்ற தைரியத்தை அது தரவில்லை.

இரண்டாவது மறுப்பு சுவிஸ்காரர்களிடமிருந்து வரும், அதில் எனக்குப் பாதி உடன்பாடு. குக் வெறும் தரகர். வேலை செய்தது நாங்கள் என்பார்கள். லெமான் ஏரியில் முதல் நீராவிக் கப்பல் 'கியோம் தெல்' 1823-இல் ஓடத் தொடங்கிவிட்டது. வில்னெவில் பைரன் பெயரிலேயே ஹோட்டல், வெவேயில் 1842-இல் த்ருவா கூரோன், லூசெர்னில் 1845-இல் ஷ்வைட்சர்ஹோஃப். ஏரியோர ரயில் 1861-இல் லொசானையும் வில்னெவையும் இணைத்துவிட்டது. ஆங்கிலத்தில் மரேயின் சுவிஸ் கையேடு 1838-இலும், ஜெர்மனில் பெடேக்கரின் கையேடு 1844-இலும் வந்தாயிற்று. எல்லாம் தயார், குக் வந்து கைவைத்தார், அவ்வளவே. ஆமாம், ஆனால் தனித்தனியே கிடந்த இவை ஒரே விலைக்குள் வந்தது குக்கின் சீட்டில்தான். 1868-இல் அவர் ஹோட்டல் கூப்பன்களையும் கொண்டுவந்தபோது, அந்நிய மொழியில் பேரம் பேசும் பயமும் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கரை வளர்ந்த வேகம் வேறு. 1871-இல் ஃபிட்ஸ்னாவிலிருந்து ரிகிக்கு ஐரோப்பாவின் முதல் மலை ரயில். 1883-இல் மொந்த்ரோவின் தெரித்தேயிலிருந்து கிலியோனுக்குக் கேபிள் ரயில். 1888-இல் வெவேயையும் ஷியோனையும் இணைத்த மின்சார டிராம், அந்நாட்டிலேயே முதலாவது. மொந்த்ரோவில் அக்காலத்தில் கூட்டம் கூடியது கோடையில் என்று நினைத்தால் தவறு. திராட்சைப் பழத்தையே மருந்தாகத் தின்னும் சிகிச்சைக்கு இலையுதிர்காலத்திலும், இதமான தட்பவெப்பத்துக்குக் குளிர்காலத்திலும் வந்தார்கள்.

மூன்றாவது மறுப்பை நான் அவ்வளவு மதிக்கவில்லை, ஆனால் அது இன்னும் உயிரோடிருப்பதால் சொல்லவேண்டும்: கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிட்டது என்பது. சார்ல்ஸ் லீவர் என்ற நாவலாசிரியர் 1865-லேயே பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் குக்கின் கூட்டத்தைத் திட்டித் தீர்த்தார். காலனிகள் வாங்க மறுத்த குற்றவாளிகளை இத்தாலியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்கிற அளவுக்குப் போனார். ரஸ்கினும் புலம்பினார். இவர்கள் புனிதமாக நினைத்த அந்தப் பழைய காலம் எப்படியிருந்தது? 1816-இல் ஜெனீவாவின் ஹோட்டல்காரர், ஏரிக்கு மறுகரையில் பைரனின் மாளிகையைப் பார்க்க விருந்தினர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்தார் என்ற செய்தி பரவலாக உண்டு. மாடியில் உலர்ந்த மேசைவிரிப்புகளைப் பெண்களின் உள்பாவாடை என்று எண்ணி வம்பு பேசினார்களாம். அடுத்தவர் வீட்டுக்குள் தொலைநோக்கியில் எட்டிப்பார்த்தது கனவான் கூட்டம். பனியாற்றைப் பார்த்தது குக்கின் கூட்டம்.

குக்கின் சீட்டுக்கும் ஒரு வரம்பு இருந்தது. 20 பவுண்டு ஆங்கிலத் தொழிலாளிக்கு எட்டாத தொகை, சுவிஸ் தொழிலாளிக்கோ நினைக்கவே முடியாதது. ஜெமைமா வந்த அதே 1863-இல் ஓல்ட்டன் நகரில் சுவிஸ் ஆல்பைன் கிளப் தொடங்கியது. அதுவும் படித்தவர்களின் சங்கம்தான். தன் நாட்டு ஏரிக்கரையில் சுவிஸ் சாமானியர் விருந்தாளியாகப் படுத்து எழ ஹோட்டல்கள் காலியாகவேண்டியிருந்தது. 1914-இல் போர் வந்ததும் வெளிநாட்டார் ஓடிப்போனார்கள். மறு ஆண்டே, அனுமதியின்றிப் புது ஹோட்டல் கட்டக்கூடாது என்று கூட்டாட்சி அரசு தடுத்தது. 1930-களின் மந்தத்தில் கரையெல்லாம் வெறிச்சோடியபோது, மிக்ரோஸ் கடைகளை நிறுவிய காட்லீப் டட்வைலர் 1935-இல் ஹோட்டல்பிளானைத் தொடங்கினார்: பயணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு ஒரே மலிவு விலை. 1939-இல் வந்த ரேகா என்ற பயணச் சேமிப்புத் திட்டம் இன்னும் ஒருபடி இறங்கியது. நம் ஊரில் தீபாவளிச் சீட்டுக் கட்டுவதுபோலத் தொழிலாளி பயண முத்திரைகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டே வரலாம். முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு அவை கிடைத்தன. இரண்டும் குக்கின் தத்துவத்தின் வாரிசுகள்: காட்சியை விற்பதற்கு முன் நிச்சயத்தை விற்பது. ஏரியைப் பற்றி எழுதிய கவிஞர்கள் எவரும் இந்த வம்சாவளியில் இல்லை. லீவு விஷயத்தில் சுவிஸ்காரர்கள் இன்றும் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். எல்லாருக்கும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று 2012-இல் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது 66.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

விருந்தாளிக்குத் தேதியும் விலையும் நிச்சயமாக இருக்கவேண்டுமென்றால், அடுப்படியில் நிற்பவருக்கு அவை இரண்டும் நிச்சயமில்லாமல் இருக்கவேண்டியிருந்தது. பருவம் முடிந்தால் வேலை முடிந்தது. 1930-கள் தொடங்கி 2002 வரை நடைமுறையிலிருந்த பருவத் தொழிலாளர் அனுமதிப்படி, இத்தாலியிலிருந்தும் பின்னர் ஸ்பெயின், போர்ச்சுகல், யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்தவர்கள் ஆண்டில் அதிகபட்சம் ஒன்பது மாதம் இருக்கலாம். மனைவி மக்களை அழைத்துவரக் கூடாது. ஹோட்டல் தொழிலும் கட்டடத் தொழிலும் அவர்கள் முதுகில் நின்றன. அந்தச் சமையலறைகளுக்குள்தான் 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு எளிதில் கிடைத்தது உணவகங்களில் பாத்திரம் கழுவும் வேலை. காய் நறுக்கி, பிறகு சமையல்காரராக உயர்ந்தவர்கள் பலர். இன்று ஏறத்தாழ 50,000 பேர் என்று மதிப்பிடப்படும் அந்தச் சமூகம் சுவிஸ் உணவகத் தொழிலோடு பிறந்ததிலிருந்தே பிணைந்தது. புருன்னெனில் ஷெல்லிக்கு டிசம்பர் வரை பணம் நிச்சயமில்லை என்பதாவது தெரிந்திருந்தது. ஜெமைமாவுக்குத் திரும்பும் ரயில் தெரிந்திருந்தது. புகலிட விண்ணப்பம் முடிவாகாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்குத் திரும்பும் தேதி என்ற ஒன்றே கிடையாது, முடிவு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகவும் முடியாது. லண்டனிலும் பாரிசிலும் இருந்த உடன்பிறப்புகளைப் பார்க்கவேண்டுமானால் அவர்கள்தான் சுவிட்சர்லாந்துக்கு வரவேண்டும். வந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை லூசெர்னுக்கோ மொந்த்ரோவுக்கோ கூட்டிப்போக, வாரத்தின் ஆறு நாளும் அதே ஊர்களின் சமையலறையில் நிற்பவருக்கு மேலாளரிடம் கேட்டு வாங்கவேண்டியிருந்தது ஒரு நாள் லீவு.